ஓயாமல் இறைக்கும் சவ்வு



இக்கருத்தரங்கிற்குத் தலைமை வகிக்குமாறு பணித்த அன்பர்கள், உயிரணுச் சவ்வைக் குறித்துப் பொதுவாக நாலு வார்த்தை சொன்னால் போதும் என்று சலுகை காட்டினார்கள்; ஆயினும், ஆற்றலைச் செலவிட்டுப் பொருள்களைச் சவ்வின் குறுக்கே நகர்த்தும் செயல்மிகு கடத்தல் என்னும் ஒன்றை மட்டுமே எடுத்துக்கொள்ள விரும்புகிறேன்.

இரத்த வங்கியின் குளிர்ப்பெட்டியில் 4 டிகிரி செல்சியஸ் வெப்பநிலையில் வைத்த சிவப்பணுக்களைக் கவனித்தவர்களுக்கு, நாளுக்கு நாள் அவற்றின் பொட்டாசியம் வெளியே கசிவதும், வெளியே இருந்த சோடியம் உள்ளே புகுவதும், பிறகு அதே அணுக்களைக் குளுக்கோசோடு சேர்த்து உடற்சூட்டில் வைத்தால் இழந்த பொட்டாசியத்தை அவை மீண்டும் ஈட்டிக்கொள்வதும் தெரிந்த விஷயமே. இது 1941-லேயே கண்டறியப்பட்டது. சோடியம் புகமுடியாத மதில் என்று சவ்வைக் கருதிய பழைய சித்தாந்தம் இத்தகைய சோதனைகளின் முன் நிற்கவில்லை. ஓட்டைத் தோணியில் அமர்ந்து இடைவிடாமல் நீர் இறைப்பவனைப் போல, உள்ளே கசிவதை வெளியேற்றிக்கொண்டேதான் ஒவ்வோர் உயிரணுவும் பிழைத்திருக்கிறது.

இறைக்கும் கருவி எது என்பதைக் காட்டியவர், உணர்விழப்பு மருந்துகளைப் பற்றிய ஆராய்ச்சியில் இறங்கிய டேனிஷ் மருத்துவர் யென்ஸ் ஸ்கோவ். கடற்கரை நண்டின் கால் நரம்பைக் கூழாக்கி, அதிலுள்ள ஒரு நொதி, மக்னீசியத்தின் முன்னிலையில், சோடியமும் பொட்டாசியமும் சேர்ந்திருக்கும்போதுதான் உயிரணுவின் ஆற்றல் மூலக்கூறான ஏ.டி.பி.யை மும்முரமாகச் சிதைக்கிறது என்று 1957-ல் அவர் வெளியிட்டார். அந்த நொதியே இறைக்கும் பம்பு என்றாலும், கட்டுரைத் தலைப்பில் ‘பம்பு’ என்ற சொல்லே இல்லை; அந்த அடக்கத்தை நான் மிகவும் மதிக்கிறேன். நோபல் பரிசு வந்துசேர 40 ஆண்டுகள் ஆயின.

ஓர் ஏ.டி.பி. மூலக்கூறு செலவாகும்போது மூன்று சோடியம் அயனிகள் வெளியேறுகின்றன, இரண்டு பொட்டாசியம் அயனிகள் உட்புகுகின்றன. உட்புறமாகத் திறந்திருந்து சோடியத்தைப் பிடித்துக்கொண்ட இந்தப் பம்புப் புரதம், பாஸ்பேட்டை ஏற்றவுடன் உருமாறி வெளிப்புறமாகத் திறக்கிறது. அங்கே பொட்டாசியத்தைப் பெற்றதும் பாஸ்பேட்டை உதறிவிட்டுப் பழைய நிலைக்குத் திரும்புகிறது. இவ்வாறு வெளியே குவிந்த சோடியம் வீணாய்க் கிடப்பதில்லை. அது உள்ளே திரும்பும் வேகத்தில் குளுக்கோசையும் கையோடு இழுத்துவருகிறது என்னும் கருத்தை 1960-ல் பிராக் நகரத்தில் ராபர்ட் கிரேன் வெளியிட்டார். காலரா நச்சு குடல்நீரை எவ்வளவு வெளியேற்றினாலும் இந்த வழி மட்டும் பழுதுபடுவதில்லை. 1971-ல் வங்க எல்லையிலுள்ள போங்காவ் அகதி முகாமில் டாக்டர் திலீப் மகலநாபிஸ் காலரா நோயாளிகளுக்கு உப்பும் குளுக்கோசும் கரைத்த நீரைப் புகட்டி எண்ணற்ற உயிர்களைக் காத்தது இந்த வழியை நம்பித்தான்.

கட்டுரை படிக்கும் அன்பர்களுக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. குளிரில் இந்தப் பம்பு அநேகமாக நின்றுவிடுகிறது என்பதை நினைவிற்கொண்டு, தத்தம் அளவீடுகளை எந்த வெப்பநிலையில் எடுத்தீர்கள் என்பதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். கருத்தரங்கைத் தொடங்கிவைக்கிறேன், முதற்கட்டுரையாளர் மேடைக்கு வருக.