வானை நோக்கிய வட்டில்



2024-ஆம் ஆண்டில் ஸ்ரீ விஜயபுரம் எனப் பெயர் மாற்றம் பெற்ற போர்ட் பிளேயர் நகரின் மேட்டுத் தெருக்களில் மாலை வேளையில் உலாவச் செல்வோர் ஒரு காட்சியைக் கண்டிருப்பர். தகரக் கூரைகளுக்கும் தென்னைகளுக்கும் இடையே, துருவேறிய இரும்புத் தூணின்மேல், கல்யாண வீட்டு அண்டாவின் வாயையும் விஞ்சும் அகலத்தில், கம்பிவலையாலோ தகட்டாலோ ஆன வட்டில் ஒன்று வானை நோக்கி மல்லாந்து கிடக்கும். சிலவற்றில் அவரைக் கொடி படர்ந்திருக்கும். சிலவற்றில் மைனா கூடு கட்டியிருக்கும். “இது பழைய ராடாரோ?” என்று புதிதாக வந்தோர் வினவுவதுண்டு. ராடார் அன்று, தொலைவிலிருந்து வரும் தொலைக்காட்சியைப் பிடிப்பதற்காக வீட்டார் தம் செலவில் நாட்டிய டிஷ். அதனை ஏன் நாட்டினர், அது எவ்வாறு வேலை செய்கிறது, இனியும் அதனால் பயனுண்டா என்பன குறித்துச் சிறிது நேரம் சிந்திப்போம்.

முதற்கண் நாம் இருக்கும் இடத்தை நினைவிற் கொள்ள வேண்டும். இந்நகரிலிருந்து சென்னை ஏறத்தாழ 1,360 கிலோமீட்டர். யாங்கோனும், புக்கெட்டும், சுமத்ராவின் பண்டா ஆச்சே நகரும் அதிற் பாதித் தொலைவே. தென்கோடியிலுள்ள இந்திரா முனையிலிருந்து, சுமத்ராவை அடுத்த ரோண்டோ தீவு ஏறத்தாழ 160 கிலோமீட்டர்தான். கப்பலேறினால் சென்னை சேர மூன்று நாள் ஆகும். ஆட்சியால் இந்தியராகவும், பூகோளத்தால் பிறநாட்டாரின் அண்டை வீட்டாராகவும் வாழ்கிறோம். 2011-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி இங்குள்ளோரில் நூற்றுக்கு ஏறத்தாழ பதினைவர் தமிழைத் தாய்மொழியாகக் கொண்டவர். வங்காளியும் தெலுங்கரும் மலையாளியும் நிக்கோபாரியும் பக்கத்துப் பக்கத்து வீட்டில் வாழும் இவ்விடத்தில், தத்தம் தாய்மொழியைக் காதாறக் கேட்க வேண்டும் என்னும் வேட்கை எவருக்கும் உண்டு.

1963-இல் வானொலி நிலையம் இங்கே தோன்றியது. அதற்கு முன்னும் பின்னும் இரவு வேளைகளில் இலங்கையையும் பர்மாவையும் சிற்றலையில் தேடிக் கேட்டதாக முதியோர் சொல்லக் கேட்டிருக்கிறோம். சிற்றலையானது மேல்வானின் மின்னணுப் படலத்தில் பட்டுத் திரும்பி ஆயிரம் மைலுக்கு அப்பாலும் வந்து விழும். தொலைக்காட்சி அலைக்கு அந்த இயல்பு இல்லை. அது நேர்கோட்டில் செல்வது. பூமியோ உருண்டை. ஆகவே கடலுக்கு அக்கரையில் எத்துணை உயரமான கோபுரம் நாட்டினும் அதன் காட்சி இக்கரைக்கு எட்டாது. கோபுரத்தை வானிலேயே நாட்டினால் அன்றி வழியில்லை.

அவ்வழியை 1945-ஆம் ஆண்டு அக்டோபரில் ‘ஒயர்லெஸ் வேர்ல்டு’ என்னும் இதழில் விளக்கியவர் ஆர்தர் சி. கிளார்க். நடுக்கோட்டுக்கு நேர்மேலே ஏறத்தாழ 36,000 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் துணைக்கோள், பூமி ஒருமுறை சுழலும் அதே நேரத்தில் தானும் ஒரு சுற்று முடிக்கும். ஆதலின் நம் கண்ணுக்கு அது வானில் ஆணியடித்தாற்போல் ஓரிடத்திலேயே நிற்கும். கிளார்க் 1956 முதல் இலங்கையில் குடியேறி வாழ்ந்தார். 1975 ஆகஸ்டு முதல் 1976 ஜூலை வரை நம் நாடு அமெரிக்கத் துணைக்கோள் ஒன்றின் துணையால் ஆறு மாநிலங்களில் ஏறத்தாழ 2,400 கிராமங்களுக்குக் கல்வி நிகழ்ச்சிகளை அனுப்பிற்று. பத்தடி அகலக் கம்பிவலை டிஷ்கள் அக்கிராமங்களில் நாட்டப்பெற்றன. அச்சமயம் இந்திய விண்வெளிப் பொறியாளர் கொழும்பு சென்று கிளார்க்கின் இல்லத்திலும் ஏறத்தாழ பதினைந்தடி டிஷ் ஒன்றை நிறுவிக் கொடுத்தனர். உலகிலேயே தனியார் வீட்டில் அமைந்த ஒரே நிலையம் அக்காலத்தில் தம்முடையதே என்று அவர் பெருமையுடன் கூறுவார். எண்ணத்தை விதைத்தவரின் கூரைமேலேயே அதன் கனி வந்து அமர்ந்தது பொருத்தமன்றோ!

பின்னர் வானில் கோள்கள் பெருகின. 1976-இல் இந்தோனேசியா தன் பலாப்பாவை ஏவிற்று. 1990-இல் ஆசியாசாட்-1 சென்றது. அதன் வழியாக 1991-இல் ஹாங்காங்கிலிருந்து ஸ்டார் தொலைக்காட்சி தொடங்கியது. 1993-இல் தாய்லாந்தின் தாய்க்காமும், 1996-இல் மலேசியாவின் மெசாட்டும் வானேறின. இவற்றுள் பல, சிறு டிஷ் கொண்டு பிடிக்கத்தக்கன அல்ல. சி-பாண்ட் என்னும் அலைவரிசையில், அதாவது ஏழரைச் சென்டிமீட்டர் அளவுள்ள அலையில், மெல்லிய ஆற்றலுடன் பரந்த கடலெங்கும் தூவுவன. ஆறடி, எட்டடி, பன்னிரண்டடி வட்டில்கள் வேண்டியிருந்தது இதனாலேதான். அகலம் இரட்டித்தால் பரப்பு நான்கு மடங்காகும்; ஏந்தும் ஆற்றலும் அவ்வாறே.

அப்பாலும் ஓர் அலைவரிசை உண்டு. அது கு-பாண்ட். அதில் ஆற்றலை ஒரு நிலப்பரப்பின்மீது குவித்து இறக்கலாம். இரண்டடி டிஷ் போதும். ஆனால் குவிப்பதென்றால் எல்லை வகுப்பது என்றும் பொருள். தூர்தர்ஷனின் இலவச வீட்டுநேரடிச் சேவை தொடங்கியபோது அதன் கு-பாண்ட் ஒளித்தடம் பெருநிலத்தைத் தழுவிற்று. அந்தமான் நிக்கோபார் அத்தடத்துக்கு வெளியே நின்றது. தீவுகளுக்கெனவே சி-பாண்டில் பத்து அலைவரிசைகள் கொண்ட தனிச் சேவையொன்றைப் பிரசார் பாரதி 2009-ஆம் ஆண்டளவில் அளித்தது. மைய அரசின் மொழிபெயர்ப்பாளர் பணியில் எத்தனையோ சுற்றறிக்கைகளில் ‘நாடு முழுவதும்’ என்னும் தொடரை நாம் எழுதியிருக்கிறோம். அதன்பின் ‘அந்தமான் நிக்கோபார் தீவுகள் நீங்கலாக’ என்று ஒரு வரி சேர்ந்துவிட்டால், அவ்வரியின் கனம் இங்கே வாழ்ந்தாலன்றிப் புலப்படாது.

அதற்குச் சற்று முன்னர் நடந்த ஒன்றைச் சொல்கிறோம். தெற்கு அந்தமானில், கேபிள் கம்பி எட்டாத ஒரு சிற்றூரில், இராமநாதபுரத்திலிருந்து வந்து குடியேறிய அன்பர் ஒருவர் இருந்தார். நாம் அவரை அண்ணன் என்போம். அவருடைய தாயார் எண்பதை நெருங்கியவர். இடுப்பு முறிந்து கட்டிலோடு கிடந்தவர். தமிழன்றி வேறொரு மொழியறியாதவர். அக்கம்பக்கத்தில் தமிழ்க் குடும்பம் கிடையாது. மகன் வேலைக்குச் சென்றபின் நாள் முழுவதும் அவ்வம்மையார் வாய் திறக்க வழியில்லை. அவருக்கு ஒரு தமிழ்த் தொலைக்காட்சியேனும் காட்டுவோம் என்று அண்ணன் கடையில் சிறு டிஷ் ஒன்று வாங்கி வந்தார். இங்கும் எடுக்கும் என்றே கடைக்காரர் சொல்லியிருந்தார். இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள் கூரைமேல் நின்று திருப்பிப் பார்த்தும் திரையில் மணல் தூவியதேயன்றி வேறொன்றும் வரவில்லை. பழுது கருவியில் இல்லை. அலையே அங்கு இறங்கவில்லை.

பின்னர் பழைய எட்டடி வலை டிஷ் ஒன்று நகரில் விலைக்குக் கிடைத்தது. அதனை லாரியில் ஏற்றிச் சென்று நாமும் உடனிருந்து நாட்டினோம். நாட்டும் முறையைக் கூறுவது நேயர்களுக்குப் பயன்படும்.

முதலில் தூண். மூன்றடி ஆழக் குழியில் கான்கிரீட்டு இட்டு நிறுத்தி, தூக்குக்குண்டு தொங்கவிட்டு நாற்புறமும் செங்குத்து பார்க்க வேண்டும். தூண் சாய்ந்தால் பின்னர் செய்யும் கணக்கெல்லாம் சாயும். அடுத்தது திசை. தகரக் கூரையருகே திசைகாட்டி பொய் சொல்லும்; ஆதலின் வெளியே நின்று தெற்கைக் குறித்துக்கொள்ள வேண்டும். மூன்றாவது சாய்வு. போர்ட் பிளேயர் கிழக்குத் தீர்க்கரேகை 92.7 பாகையில் உள்ளது; நம் நாட்டுத் துணைக்கோள் நிலைகளுள் ஒன்று 93.5 பாகை. ஆகவே அது ஏறக்குறைய நம் உச்சந்தலைக்கு அருகே, தொடுவானிலிருந்து 76 பாகை உயரத்தில் நிற்கிறது. தில்லியில் அதே கோளுக்கு டிஷ்ஷை 52 பாகைக்கே சாய்ப்பர். இதனால் இங்கே ஒரு நன்மையும் ஒரு தொல்லையும் உண்டு. மலையோ உயர்ந்த படாக் மரமோ எளிதில் மறைக்காது என்பது நன்மை. வட்டில் மல்லாந்து கிடப்பதால் ஆண்டில் ஏழெட்டு மாதம் பெய்யும் மழையும் சருகும் அதில் தேங்கும் என்பது தொல்லை. தகட்டு டிஷ்ஷாயின் அடியில் துளையிட வேண்டும், கம்பிவலையாயின் கவலையில்லை. வலையின் கண் ஏழு மில்லிமீட்டருக்கு மிகாமல் இருந்தால் ஏழரைச் சென்டிமீட்டர் அலைக்கு அது சுவரேயாகும். நீருக்கும் காற்றுக்கும் மட்டும் வழிவிடும்.

வட்டிலில் விழும் அலைகளெல்லாம் தெறித்து நடுவே ஒரு புள்ளியில் கூடுகின்றன. அங்கே ஃபீட் ஹார்ன் என்னும் குழலும், எல்.என்.பி. என்னும் பெருக்கியும் அமர்ந்திருக்கும். கோளிலிருந்து வரும் மெல்லிய அலையை அது வலுப்படுத்தி, கேபிளில் செல்லத்தக்க குறைந்த அதிர்வெண்ணுக்கு மாற்றி, வீட்டிலுள்ள ரிசீவருக்கு அனுப்புகிறது. எட்டடி டிஷ்ஷின் பார்வை இரண்டு பாகைதான். இங்கே ஒரு பாகை பிசகினால் அங்கே கோள்களின் வீதியில் அறுநூறு கிலோமீட்டருக்கு மேல் பிசகும். எனவே திருகாணியை அரைச் சுற்று, கால் சுற்று என்று நகர்த்தி, ஒருவர் உள்ளே நின்று திரையைப் பார்த்துக் குரல் கொடுக்க, மற்றவர் மேலே நின்று திருப்ப வேண்டும். பொறுமையில்லாதவருக்கு இவ்வேலை ஆகாது.

நாம் நாடியது 83 பாகையில் நின்ற இந்தியத் துணைக்கோளை. டிஷ்ஷை மேற்கே சற்று மிகுதியாகத் திருப்பிவிட்டோம் போலும். மாலை நான்கு மணியளவில் உள்ளிருந்து “வந்துட்டு, வந்துட்டு!” என்று கூவல் எழுந்தது. இறங்கிச் சென்று பார்த்தால், 78.5 பாகையிலுள்ள தாய்லாந்துக் கோளின் ஓர் அலைவரிசை! யாரோ ஒரு பெண்மணி கல்லுரலில் மிளகாயும் பூண்டும் இட்டு இடித்துக்கொண்டிருந்தார். மொழி ஒரு சொல்லும் விளங்கவில்லை. அண்ணன் மாற்றப் போனார். கட்டிலிலிருந்து ஆத்தா கையமர்த்தினார். “இருக்கட்டும்ப்பா. இவுகளும் நம்மள மாதிரி உரல்லதான் இடிக்கிறாக. தேங்காயும் துருவுவாக போல.” அந்நிகழ்ச்சி முடியும்வரை எவரும் டிஷ்ஷைத் தொடவில்லை. அடுத்த நாள் காலையில்தான் தமிழ் வந்தது. செய்தி வாசிப்பவர் வணக்கம் சொன்னார். ஆத்தா கட்டிலில் கிடந்தபடியே கைகூப்பிப் பதில் வணக்கம் சொன்னார். அதன்பின் இரண்டாண்டுகள் இருந்தார். காலையில் தமிழும், மாலையில் சமையலுக்காகத் தாய்லாந்தும் வேண்டுமென்று கேட்பார். அண்ணன் அலுக்காமல் ஏறித் திருப்புவார்.

தொலைவிலிருந்து வரும் குரலைப் பிடிப்பது வெறும் பொழுதுபோக்கென்று எண்ணுவோர், 2004 டிசம்பர் 26-ஆம் நாளை நினைக்க வேண்டும். காலை ஆறரை மணியளவில் சுமத்ராவுக்கு அருகே நிலம் அதிர்ந்தது. எழுந்த ஆழிப்பேரலையால் நிக்கோபார்த் தீவுகளின் தொலைபேசித் தொடர்பு அறுந்தது. அச்சமயம் அமெச்சூர் வானொலிப் பயணமாகப் போர்ட் பிளேயர் வந்திருந்த பாரதி பிரசாத் அம்மையாரும் அவர் குழுவினரும், தொலைதூர நண்பர்களோடு பேசக் கொண்டுவந்த அதே கருவிகளைக் கொண்டு தீவுகளுக்கும் பெருநிலத்துக்கும் இடையே செய்திகளைக் கடத்தினர். பொழுதுபோக்காகக் கற்ற கலையே அன்று பல குடும்பங்களுக்கு உறவினர் நலம் கூறியது.

இன்று காலம் மாறிவிட்டது. 2020 ஆகஸ்டு 10-ஆம் நாள், சென்னையிலிருந்து இத்தீவுகளுக்கு ஏறத்தாழ 2,300 கிலோமீட்டர் நீளக் கடலடிக் கேபிள் தொடங்கிவைக்கப்பட்டது. அதற்கு முன்னர் தீவுகளின் வெளித்தொடர்பு முழுவதும் துணைக்கோளையே நம்பியிருந்தது. இப்போது கைப்பேசியிலேயே எந்நாட்டு நிகழ்ச்சியையும் காணலாம். கூரைமேலிருந்த வட்டில்கள் பழைய இரும்புக் கடைக்குப் போகின்றன. அதில் வருந்துவதற்கு ஒன்றுமில்லை. ஆயினும் வைத்திருப்போருக்குச் சில சொற்கள்: துருப்பிடித்த தூணைப் புயற்காலத்துக்கு முன் சோதியுங்கள், காற்றிற் பறக்கும் எட்டடி வட்டில் உயிரைப் பறிக்கும். மின்னலுக்கு நிலத்தொடர்புக் கம்பி இடுங்கள். சந்தா கட்டிப் பார்க்க வேண்டியதைத் திருட்டு அட்டை கொண்டு பார்க்க முயலாதீர்கள். இலவசமாக வருவனவே எத்தனையோ உண்டு. மார்ச்சு நடுவிலும் செப்டம்பர் இறுதியிலும் சில நாட்கள் நண்பகலை ஒட்டிக் காட்சி சில நிமிடம் மங்கினால் பழுதென்று அஞ்ச வேண்டாம். கதிரவன் கோளுக்கு நேர்பின்னே வந்து நிற்கிறான். அந்நேரத்தில் ஃபீட் ஹார்னின் நிழல் வட்டிலின் நட்ட நடுவே விழுமாயின், உங்கள் டிஷ் செம்மையாக நிற்கிறதென்று அறிந்துகொள்ளலாம்.

கைப்பேசி நாம் கேட்பதைக் கொண்டுவந்து தருகிறது. நாம் கேளாததைத் தருவது அரிது. அன்று சில பாகை பிசகியதால் ஆத்தாவுக்கு ஓர் அண்டை வீட்டார் கிடைத்தனர். அறுநூறு, எழுநூறு கிலோமீட்டரில் வாழும் அம்மக்களைப் பற்றி, பக்கத்திலிருந்தும் நாம் அறிந்தது கொஞ்சம். அண்ணன் வீட்டு டிஷ் இன்னும் நிற்கிறது. அதனை விலைக்குக் கேட்டு வந்தவரிடம், “இருக்கட்டும்” என்று தாயார் சொன்ன அதே சொல்லைச் சொல்லி அனுப்பிவிட்டாராம். சென்ற மாதம் சென்றிருந்தபோது அதன் தூணுக்குப் புதிதாக வர்ணம் பூசியிருந்தது.