ஆற்றில் ஏறிவரும் வருமானம்



பேராக் ஆற்றின் அணைகளைப் பார்த்தவர்கள் உங்களில் பலர் இருப்பீர்கள். அணை மின்சாரம் தருகிறது. அதைக் குறை சொல்ல நான் வரவில்லை. ஆனால் அணையின் வரவு செலவுக் கணக்கில் பெரும்பாலும் எழுதாமல் விடப்படும் இனம் ஒன்று உண்டு. கடலுக்கும் ஆற்றுக்கும் போய்வரும் மீன்தான் அது.

நம் பாட்டன்மார் நாட்டில் உல்லம் என்று ஒரு மீன். கடலில் வளர்ந்து, முட்டையிடக் காவிரியில் எதிர்நீச்சல் போட்டு ஏறும். 1934இல் மேட்டூர் அணை எழுந்தபின் அதற்கு மேலே போகும் வழி அடைபட்டது. உல்லத்திற்குத் தூரத்து உறவான ஒரு மீன் அமெரிக்காவில் இருக்கிறது. அதன் பெயர் ஏல்வைஃப். அதற்கும் இதே கதிதான் நேர்ந்தது. ஆனால் அங்கே கதை பிறகு திரும்பியது.

அமெரிக்காவின் வடகிழக்கு மூலையில் மேய்ன் மாநிலம். அங்கே கெனபெக் ஆற்றின் குறுக்கே, ஆகஸ்டா நகரில், 1837இல் எட்வர்ட்ஸ் அணையைக் கட்டினார்கள். வசந்த காலத்தில் ஏறிவந்த மீன் சுவரில் முட்டி நின்றது. மேலே இருந்த ஏரிகளில் முட்டையிட முடியாமல் இனம் அருகியது.

அணையின் உரிமக் காலம் முடிந்து, புதுப்பிக்க வேண்டிய வேளை வந்தது. அப்போதுதான் கணக்கை விரித்துப் பார்த்தார்கள். அணை தந்த மின்சாரம் வெறும் மூன்றரை மெகாவாட். மாநிலத்தின் தேவையில் மிகச் சிறிய பங்கு. மீன் ஏற வழி அமைக்கும் செலவோ, அணையையே அகற்றும் செலவைவிட அதிகம்! 1997இல் மத்திய ஆணையம் உரிமத்தை மறுத்தது. 1999 ஜூலையில் அணை உடைக்கப்பட்டது.

கிளை ஆறான செபாஸ்டிகுக்கில் ஃபோர்ட் ஹாலிஃபாக்ஸ் அணையும் 2008இல் போயிற்று. அதற்கு மேலுள்ள பென்டன் அணையை இடிக்கவில்லை. மீனைத் தூக்கிவிட மின்தூக்கி வைத்தார்கள். இன்று அவ்வழியே ஆண்டுதோறும் லட்சக்கணக்கில் மீன் ஏறுகிறது.

இதில் காசு எங்கே என்று கேட்பீர்கள். மேய்ன் கரையின் பெரிய தொழில் சிங்கி இறால் பிடிப்பது. கூண்டில் வைக்க இரை வேண்டும். மற்ற இரைமீன் கிடைப்பது அரிதாக இருக்கும் வசந்தத்தில், ஏல்வைஃப் புதிதாகக் கைக்கு வருகிறது. பிடிக்கும் உரிமை பென்டன் என்ற சிற்றூருக்கு. விற்ற பணத்தில் ஊர்ப் பொதுநிதிக்கும் பங்கு. வாரத்தில் மூன்று நாள் பிடிக்கக்கூடாது. மீன் ஏறிப் போகவேண்டும். விதைநெல்லைத் தின்னாத குடும்பம்போல!

பக்கத்துப் பெனாப்ஸ்காட் ஆற்றில் இன்னும் கெட்டிக்காரத்தனம் செய்தார்கள். 2012இலும் 2013இலும் இரண்டு அணைகளை அகற்றினார்கள். எஞ்சிய அணைகளில் உற்பத்தியைக் கூட்டினார்கள். மின்சாரம் குறையவில்லை. அந்த ஆற்றின் பெயரையே தாங்கிய பழங்குடி மக்களும் அத்திட்டத்தில் பங்காளிகள். அவர்களை அழைக்காமல் செய்திருந்தால் அது பாதி நியாயம்தான்.

ஆனால் எல்லா மீனும் ஒன்றுபோல் திரும்பிவிடவில்லை. சால்மன் மீன் முட்டையிடும் சரளைக்கல் ஓடைகள் கெனபெக்கின் மேல்பகுதியில், வேறு நான்கு அணைகளுக்கு அப்பால் இருக்கின்றன. ஆகவே 2006 முதல், கீழ் அணையில் அகப்படும் சால்மனை லாரியில் ஏற்றிக்கொண்டுபோய்ச் சாண்டி ஆற்றில் விட்டு வந்தார்கள்.