விலக்கு யாருக்கு?

(மயிலை மாங்கொல்லைப் பொதுக்கூட்டத்தில் ஆற்றிய உரையின் சுருக்கம்)

தோழர்களே!

துப்பாக்கியைப் பற்றி நமக்கென்ன பேச்சு என்று எண்ணிவிடாதீர்கள். அது எவர் கையில் இருக்கிறது என்று அரசு எழுதி வைக்கும் பதிவேட்டைப் பற்றியே பேச வந்தேன்.

1878இல் வெள்ளையர் ஆயுதச் சட்டம் தீட்டினர். இந்நாட்டான் உரிமம் கேட்டுக் கைகட்டி நிற்க வேண்டும், ஐரோப்பியனுக்கோ விலக்கு! ஏடு இருந்தது, நீதி இருந்ததா? ஆள்பவனின் அச்சமன்றோ அந்த ஏட்டிலே எழுதப்பட்டது!

விடுதலைக்குப் பின், 1959ஆம் ஆண்டுச் சட்டம் உரிமத்தை அனைவர்க்கும் பொதுவாக்கிற்று. 2016ஆம் ஆண்டு விதிகளோ, உரிமம் பெற்ற ஒவ்வொருவருக்கும் தனி எண் தந்து, ஒரே தேசியப் பதிவேட்டில் சேர்க்கப் பணித்தன. வரவேற்கிறோம்!

சென்னையில் உரிமம் வழங்குபவர் மாநகரக் காவல் ஆணையர். தேர்தல் வந்ததும், தியாகராய நகர் மாளிகையாயினும், அடையாற்றுப் பங்களாவாயினும், துப்பாக்கியைக் காவல் நிலையத்தில் ஒப்படைக்க ஆணை பிறக்கிறது. விலக்குப் பெற்றோர் மட்டும் நீங்கலாக. எவரிடம் துப்பாக்கி உண்டு என்று காட்டிக் கொடுப்பது எது? பதிவேடுதான்! வாக்களிக்கச் செல்லும் ஏழைக்கு அது துணை.

ஆனால், 1959 சட்டத்தின் 41ஆம் பிரிவு, பொதுநலன் கருதி எவருக்கும் விலக்களிக்க மத்திய அரசுக்கு அதிகாரம் தருகிறது. குடகு மக்களுக்கு 1878 சட்டக் காலந்தொட்டுத் தொடரும் விலக்கு, 2019இல் மேலும் பத்தாண்டு நீட்டிக்கப்பட்டது. மரபு காரணம் என்றனர். காரணம் சொன்னார்களே, அதுதான் முறை!

ஆகவே கேளுங்கள்: விலக்கு யாருக்கு? ஏன்? எத்தனை நாளைக்கு? விடையும் ஏட்டிலே ஏறட்டும். எல்லோர் பெயருக்கும் ஒரே மை. அதுவே நம் கோரிக்கை!