தீக்கு நிதியாண்டு தெரியாது

கோடையில் சிறுமலைச் சரிவில் தீப்பிடித்தால், இரவில் திண்டுக்கல் பக்கத்திலிருந்தே நெருப்பு தெரியும்.

ஐப்பசி, கார்த்திகை மழையில் தழைத்த புல், தை பிறந்ததும் காயத் தொடங்கிவிடும். அது முழுதும் காய்வதற்குள் காட்டில் தீத்தடுப்புக் கோடுகள் போட வேண்டும். புல்லையும் சருகையும் பட்டையாகச் செதுக்கி அகற்றிவிட்டால், தரையோடு வரும் தீ பற்ற எதுவுமின்றி அங்கேயே நின்றுவிடும். இதற்குக் கூலி வேண்டும், காவலர்கள் வேண்டும்.

இதற்கென்றே காட்டுத்தீத் தடுப்பு, மேலாண்மைத் திட்டம் 2017-18 முதல் நடக்கிறது. நம் மாநிலத்தில் செலவாகும் நூறு ரூபாயில் மத்திய அரசு 60, மாநில அரசு 40 தருகின்றன. காட்டுத்தீ எத்தனை கொடியது என்பதை நாம் மறக்க முடியாது: பக்கத்துத் தேனி மாவட்டத்துக் குரங்கணியில் 2018 மார்ச் 11 அன்று மூண்ட தீ, மலையேறப் போன இருபதுக்கும் மேற்பட்டோரின் உயிரைக் குடித்தது. செயற்கைக்கோள் எச்சரிக்கை இன்று கைப்பேசிக்கே வருகிறது. ஆனால் மலையேறி அணைப்பது மனிதர்கள்தான்.

அரசின் கணக்கு ஏப்ரலில் தொடங்கும். தீயின் கணக்கோ பிப்ரவரியிலேயே தொடங்கிவிடும். மார்ச் கடைசியில் வரும் பணம் கோடு போட உதவாது. ஆகவே, எத்தனை கோடி ஒதுக்கினார்கள் என்று கேட்பவர்கள், அது எந்த மாதம் கைக்கு வந்தது என்றும் சேர்த்துக் கேளுங்கள்!