வண்டின் உறக்கமும் நம் விழிப்பும்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய சொற்பொழிவு)



தமிழ்ச் சங்கத்து விழாவில் இலக்கியம் பேசுவதே மரபு. ஆயினும், நம் குடியிருப்பின் வெற்று மனைகளில் வாழும் ஒரு சிறு வண்டைப் பற்றிப் பேச எனக்கு இசைவளித்தீர்கள். நன்றி.

பெங்களூரில் வீடு எழும்பாத மனைதோறும் வெண்பூப் பூத்து நிற்கும் பார்த்தீனியச் செடியை அறியாதார் இலர். கன்னட அன்பர்கள் அதனைக் ‘காங்கிரஸ் கிட’ என்பர். அமெரிக்கக் கண்டத்துக்குரிய இச்செடி, 1950-களின் நடுவில் புனேயில் கண்டறியப்பட்டு, பின்னர் நாடெங்கும் பரவிற்று. ஒரு செடியே பல்லாயிரம் விதைகளைச் சொரியும். அதைத் தொட்டால் சிலருக்குத் தோல் தடித்து அரிக்கும். அதன் மகரந்தத்தால் சிலருக்கு மூச்சுத் திணறும். நம் குழந்தைகள் ஓடி விளையாடும் இடத்தில்தான் அது வளர்கிறது.

இதனை அடக்க 1983-இல் மெக்ஸிகோவிலிருந்து பெங்களூருக்கு ஒரு வண்டினம் வரவழைக்கப்பட்டது. ஜைகோகிரம்மா பைகலரேட்டா என்பது அதன் பெயர். ஹெசரகட்டாவிலுள்ள இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையத்தார் அதனை ஆய்ந்து, 1984-இல் திறந்த வெளியில் விட்டனர். வெளிறிய முதுகில் கரும்பழுப்புக் கோடுகள் உடையது. அரை சென்டிமீட்டருக்குச் சற்றே மிகுந்த நீளமுடையது. வண்டும் அதன் புழுவும் பார்த்தீனிய இலையை மொட்டையாகத் தின்றுவிடும்.

ஆனால் மழைக்காலம் கழிந்து மார்கழி நெருங்கும்போது வண்டுகளைக் காணோம். அவை மடிந்தன என்று பலர் எண்ணுவர். உண்மையில் அவை மண்ணுக்குள் புதைந்து உறங்குகின்றன. கும்பகர்ணன் ஆறு மாதம் உறங்கினான் என்பர். இவ்வண்டும் ஆறு மாதம் வரை உறங்க வல்லது. அவனுக்கு உறக்கம் சாபமாயிற்று. இதற்கோ அது வரம்.

இவ்வுறக்கத்தை ஆள்வது யாது? பூச்சியின் மூளைக்குப் பின்னே நுண்ணிய சுரப்பிகள் இரண்டு உள்ளன. அவை சுரப்பதே இளமை ஹார்மோன். புழுவைப் புழுவாகவே வைத்திருப்பதும், வளர்ந்த பெண் பூச்சியின் சூலகத்தில் முட்டைகள் முதிரத் தூண்டுவதும் அதுவே. 1930-களில் இங்கிலாந்தின் விகிள்ஸ்வொர்த் இச்சுரப்பியின் தொழிலை விளக்கினார். பின்னர் டச்சு அறிஞர் டி வில்டேயும் டி போயரும் உருளைக்கிழங்குச் செடியைத் தின்னும் கொலராடோ வண்டில் அச்சுரப்பியை நீக்கிப் பார்த்து, 1961-இல் தம் முடிவை வெளியிட்டனர். உறங்கும் பருவம் வாராத போதும் அவ்வண்டு முட்டையிடுதலை நிறுத்தி மண்ணுள் புகுந்தது. பருவ மாற்றத்தை உணர்ந்து மூளை அச்சுரப்பியை அடக்கிவைக்கிறது, சூலகம் சுருங்குகிறது, உண்ட உணவு கொழுப்பாகச் சேர்கிறது.

நம் வண்டும் கொலராடோ வண்டின் குடும்பத்தைச் சேர்ந்ததே. அது உழவனுக்குப் பகை, இது நட்பு. இரண்டின் உறக்கமும் ஒரு வகையினதே. வறண்ட மாசியில் இது முட்டையிட்டால், பிறக்கும் புழுக்கள் தளிரின்றி மாளும். ஆதலின் பிள்ளைப்பேற்றை ஒத்திவைத்து, கோடை மழை மண்ணை நனைத்ததும் எழுகிறது.

இங்கேதான் நமக்குப் பணி இருக்கிறது. வண்டு உறங்கினாலும் பார்த்தீனியம் முழுதும் உறங்குவதில்லை. சாக்கடை ஓரத்திலும் குழாயடியிலும் ஈரம் கண்ட இடத்தில் அது முளைத்துப் பூக்கும். தடுப்பாரின்றி விதை உதிர்க்கும். அம்மாதங்களில் நாம் விழித்திருத்தல் வேண்டும். பூக்குமுன்னே, கையுறை அணிந்து, வேரோடு களைய வேண்டும். வண்டு மிகுதியாக மேய்ந்த நிலத்தைக் கோடையில் வீணே கிளறலாகாது. மழைக்குப் பின் அது வெளிவரும்போது, பூச்சி மருந்து தெளித்து அதனைக் கொல்லலாகாது.

திருக்குறளில் காலமறிதல் என்றோர் அதிகாரம் உண்டு. அச்சிற்றுயிர் தன் காலத்தை அறிந்திருக்கிறது. நாமும் நம் காலத்தை அறிந்து செயற்படுவோமாக.