பிரயாணத்துக்கு முன் ஓர் ஊசி
(எமது சங்கக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



கடல் கடந்து போவதென்றால் நாம் முதலிற் பார்ப்பது நாளும் கோளும். இராகுகாலம் தவிர்க்கிறோம், பிள்ளையாருக்குத் தேங்காய் உடைக்கிறோம், பெட்டியில் மிளகாய்த்தூளும் பருத்தித்துறை வடையும் அடுக்குகிறோம். எல்லாம் நல்லதே. ஆனால், "ஊசி போட்டாயிற்றா?" என்று கேட்பார் மிகச் சிலர். அதுபற்றியே இன்று சிறிது பேச எண்ணினோம்.

முன்னாளில் இக்கேள்வியை அரசாங்கமே கேட்டது. இந்தியாவிலிருந்து வந்த தோட்டத் தொழிலாளரை மண்டபம் முகாமில் மறித்து, அம்மை குத்திய பின்னரே இங்கு அனுப்பினர். அவ்வேழைகள் அங்கே பட்ட அவமதிப்பை நாம் நியாயப்படுத்த வரவில்லை. ஆயினும் அம்மை குத்துதல் வீண்போகவில்லை. பெரியம்மை இயற்கையாகக் கடைசியில் தொற்றியது 1977இல், சோமாலியாவில். 1980இல் அந்நோய் உலகைவிட்டே ஒழிந்ததென உலக சுகாதார ஸ்தாபனம் அறிவித்தது.

இன்று கடவுச்சீட்டோடு அத்தாட்சிப் பத்திரமும் கேட்கப்படும் நோய் மஞ்சட் காய்ச்சல். ஆபிரிக்காவிலும் தென் அமெரிக்காவிலும் அஃது உண்டு, ஆசியாவில் இல்லை. மாக்ஸ் தைலர் என்பார் 1937இல் இதற்குத் தடுப்பு மருந்து ஆக்கினார். 1951இல் நோபல் பரிசு பெற்றார். ஊசி ஒன்றே போதும். பத்தாண்டுக்கொரு முறை போடவேண்டுமென்ற விதி 2016இல் நீங்கிற்று. இப்போது பத்திரம் ஆயுள்வரை செல்லும். ஆனால் ஊசி போட்டுப் பத்து நாள் கழிந்த பின்னரே அது செல்லுபடியாகும். நாளை விமானம், இன்று ஊசி என்றால் பயனில்லை. ஒரு மாதத்துக்கு முன்னரே பொரளையிலுள்ள மருத்துவ ஆராய்ச்சி நிலையத்தில் விசாரித்தல் நன்று. அறுபது வயது கடந்தோரும் கர்ப்பிணிகளும் தம் நிலையை வைத்தியரிடம் கூறியே போடுவிக்கவேண்டும்.

அந்நாடுகளிலிருந்து திரும்பும்போது இங்கும் பத்திரம் கேட்கிறார்களே, ஏன்? டெங்குவைப் பரப்பும் அதே நுளம்புதான் மஞ்சட் காய்ச்சலையும் பரப்புவது. அந்நுளம்பு நம் வளவுச் சிரட்டையிலும் பழைய டயரிலும் ஏற்கெனவே குடியிருக்கிறது. நோய் மட்டுமே இன்னும் வந்து சேரவில்லை.

காசி யாத்திரை போகும் பெரியோர்க்கு ஒரு வார்த்தை. கங்கையில் மூழ்குங்கள், குடிப்பதற்கோ கொதித்தாறிய நீரையே கொள்ளுங்கள். நெருப்புக் காய்ச்சலுக்கு ஊசி உண்டு. ஆனாலும் அது நீரைக் கொதிக்க வைக்கும் வேலையைக் குறைக்காது. வழியில் நாய் கடித்தால், ஓடும் நீரிற் சவர்க்காரமிட்டுப் பதினைந்து நிமிடம் கழுவி, ஊர் திரும்பும்வரை காத்திராது அன்றே அங்குள்ள வைத்தியசாலைக்குப் போங்கள்.

இனி மலேரியா. 2016இல் இலங்கை மலேரியா அற்ற நாடென்று அத்தாட்சி பெற்றது. அதை ஏந்தும் நுளம்போ போய்விடவில்லை. ஆகவே மலேரியா உள்ள தேசத்துக்குப் போவோர், புறப்படுமுன் தொடங்கித் திரும்பிய பின்னும் சில காலம் குளிசை விழுங்கவேண்டும். மலேரியாத் தடை இயக்கத்தார் அதனை இலவசமாகவே தருகிறார்கள்.

நம் உறுப்பினர் ஒருவர் ஆபிரிக்காவில் வேலை பார்த்துத் திரும்பிய சில நாளிற் காய்ச்சலாய்ப் படுத்தார். வீட்டார் டெங்கு என்றெண்ணிப் பப்பாசி இலைச்சாறு கொடுத்துக்கொண்டிருந்தனர். மூன்றாம் நாள்தான், "எங்கே போய் வந்தீர்?" என்று ஒரு வைத்தியர் கேட்டார். இரத்தத்தைச் சோதித்தார்கள்; மலேரியா. தெய்வாதீனமாகப் பிழைத்தார். பின்னர் அவருடைய பெட்டியைத் திறந்தபோது, போகும்போது வாங்கிய குளிசைகள் உறை பிரியாமல் அப்படியே கிடந்தன.