கம்ப்யூட்டரில் பறக்கும் ஹரிக்கேன்

(கிளைக் கூட்டத்தில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)

 

இன்றைய தலைப்பைப் பார்த்ததும், "இது பேரன் பேத்திகள் விளையாடுகிற சமாசாரம் ஆயிற்றே, இதற்கு ஒரு பிரசங்கமா?" என்று சிலருக்குத் தோன்றியிருக்கும். தோன்றுவதில் தப்பில்லை. நான் ரிடையரான பிறகு பிடித்துக்கொண்டிருக்கும் வேலை, இரண்டாம் உலகப் போர்க்காலத்துச் சண்டை விமானங்களைக் கம்ப்யூட்டரில் திரும்ப உருவாக்குவது. இதில் விளையாட்டும் இருக்கிறது, அதைவிடப் பெரிய விஷயம் ஒன்றும் இருக்கிறது. அந்தப் பெரிய விஷயத்தைச் சொல்லத்தான் வந்திருக்கிறேன்.

ஃப்ளைட் சிமுலேட்டர் என்பது விமானத்தை ஓட்டுவதுபோலவே பழகிப்பார்க்க உதவும் சாதனம். விமானக் கம்பெனிகளில் ஓர் அறை அளவுக்குப் பெரிதாக இருக்கும். அதன் வீட்டுப் பதிப்பு 1980 வாக்கில் வந்தது. புரூஸ் ஆர்ட்விக் என்பவர் ஆப்பிள் 2 கம்ப்யூட்டருக்காக எழுதினார். 1982-ல் மைக்ரோசாஃப்ட் நிறுவனம் ஐ.பி.எம். கம்ப்யூட்டருக்கு வெளியிட்டது. 1998-ல் போர் விமானங்களுக்கென்றே தனிப் பதிப்பு வந்தது. 2001-ல் ரஷ்யாவிலிருந்து ஐ.எல்.2 ஸ்டர்மோவிக் வந்தது. இவற்றில் ஓட்டுவதற்கான விமானங்களைக் கம்பெனிகள் மட்டும் செய்வதில்லை. உலகம் முழுவதும் ஆர்வலர்கள், பலர் காசு வாங்காமலே, இரவு கண் விழித்துச் செய்கிறார்கள்.

இனி ஒரு விமானத்தின் கதை. 1947-லிருந்து பல வருஷங்கள், காசி ஹிந்து சர்வகலாசாலையின் பொறியியல் கல்லூரி வளாகத்தில் ஒரு பழைய ஹரிக்கேன் விமானம் வெயிலிலும் மழையிலும் கிடந்தது. அதன் எண் ஆர் 4118. மாணவர்களுக்குப் பாடம் சொல்ல உதவும் என்று கல்லூரிக்குக் கொடுக்கப்பட்டது. 1982-ல் பீட்டர் வாச்சர் என்ற ஆங்கிலேயர் அதைப் பார்த்தார். பின்னால் ஆவணங்களைத் துருவிப் பார்த்தபோது, அது 1940-ல் பிரிட்டன் வான்போரில் 605-ஆவது ஸ்குவாட்ரனோடு 49 தடவை பறந்த விமானம் என்று தெரிந்தது. 2001-ல் அதை வாங்கி இங்கிலாந்துக்குக் கொண்டுபோய், பிரித்துச் சீர்செய்து, 2004 டிசம்பரில் மறுபடி பறக்கவிட்டார். காசியில் கிடந்த விமானத்துக்கு இப்படி ஒரு மறுஜன்மம்.

ஆக, பழைய விமானத்தைக் காப்பாற்ற மூன்று வழிகள் உண்டு. முதலாவது, அருங்காட்சியகத்தில் நிறுத்திவைப்பது. டில்லி பாலம் விமானப்படை அருங்காட்சியகத்தில் ஒரு ஹரிக்கேனைப் பார்க்கலாம். உருவம் இருக்கும், ஓட்டம் இருக்காது. இரண்டாவது, ஆர் 4118 போல் பறக்கவைப்பது. ஓட்டம் இருக்கும். ஆனால் 14,000-க்கு மேல் தயாரான ஹரிக்கேன்களில் இன்று பறக்கும் நிலையில் இருப்பவை சொற்பம். அத்தனை அரிய பொருளைச் சண்டையில் விரட்டியதுபோல் விரட்டிப் பார்க்க யாருக்கும் மனம் வராது. மூன்றாவது வழிதான் சிமுலேட்டர். இதில் இரும்பும் இல்லை, துணியும் இல்லை. ஆனால் அந்த விமானம் எப்படி நடந்துகொண்டது என்பது இருக்கும். தினமும் பத்துத் தடவை கீழே போட்டாலும் சேதமில்லை.

எப்படி நடந்துகொண்டது என்பதுதான் கடினமான பகுதி. வெளி உருவம் அவ்வளவு கஷ்டமில்லை. வரைபடங்களும் புகைப்படங்களும் கிடைக்கின்றன, பொறுமை இருந்தால் போதும். பறக்கும் குணத்தைக் கொண்டுவருவது வேறு வித்தை. சிமுலேட்டர் ஒவ்வொரு நொடியிலும் பல தடவை கணக்குப் போடுகிறது. விமானம் இந்த வேகத்தில், இந்த உயரத்தில், காற்றை இந்தக் கோணத்தில் எதிர்கொண்டால் தூக்கும் விசை எவ்வளவு, பின்னால் இழுக்கும் விசை எவ்வளவு, இன்ஜின் தரும் சக்தி எவ்வளவு, எடையின் மையம் எங்கே என்று பார்த்து அடுத்த கணத்து நிலையைத் தீர்மானிக்கிறது. சில சிமுலேட்டர்களில் இந்த விவரங்களை அட்டவணைகளாக நாம் கொடுக்கிறோம். எக்ஸ்-பிளேன் போன்றவற்றில் இறக்கையைச் சிறு சிறு துண்டுகளாகப் பிரித்து, ஒவ்வொரு துண்டின் மீதும் காற்று என்ன செய்கிறது என்று நிரலே கணக்கிடுகிறது. எந்த முறையானாலும், வரும் விடையைப் பழைய சோதனை அறிக்கைகளோடு ஒப்பிட்டுத் திருத்திக்கொண்டே போக வேண்டும்.

அந்தக் காலத்தில் இங்கிலாந்தில் ஃபார்ன்பரோ, பாஸ்கம் டவுன் ஆகிய இடங்களில் ஒவ்வொரு விமானத்தையும் பறக்கவிட்டு அளந்து எழுதிவைத்தார்கள். விமானிகளுக்கென்று அச்சிட்ட கையேடுகளும் இருக்கின்றன. ஆனால் புத்தகம் மட்டும் போதாது என்பது நம்மவர்களுக்குச் சொல்லித் தெரியவேண்டியதில்லை. ஸ்வரக் குறிப்பைப் பார்த்துக் கீர்த்தனையைப் பாடிவிடலாம். குருமுகமாக வந்த பாடாந்தரத்தில் இருக்கும் நெளிவு சுளிவு அதில் வராது. ஓட்டினவர் சொன்னால்தான் அது தெரியும்.

ஒரு சின்ன உதாரணம். ஹரிக்கேனில் இன்ஜின் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் த்ராட்டில் இடது பக்கம். சக்கரங்களை மடக்கும் கைப்பிடி வலது பக்கம். விமானி வலது கையால் ஸ்டிக்கைப் பிடித்திருப்பார். தரையை விட்டு எழும்பியதும் ஸ்டிக்கை இடது கைக்கு மாற்றி, வலது கையால் அந்தக் கைப்பிடியை நகர்த்த வேண்டும். புதியவர் கையில் விமானம் அந்தச் சில நொடிகள் தலையை மேலும் கீழும் ஆட்டும். கம்ப்யூட்டரில் ஒரு பட்டனைத் தட்டினால் சக்கரம் மடங்கிவிடும், தலையாட்டம் காணாமல் போய்விடும். மவுஸால் காக்பிட்டில் உள்ள கைப்பிடியையே நகர்த்தவேண்டும் என்று அமைத்தால், ஓட்டுபவர் ஜாய்ஸ்டிக்கிலிருந்து வலது கையை எடுத்துத்தான் மவுஸைப் பிடிக்க வேண்டும். உடனே விமானம் தலையாட்டும்! எண்பது வருஷங்களுக்கு முந்தைய ஓர் அசௌகரியம் நம் மேஜைக்கு வந்து சேர்ந்துவிடுகிறது.

இன்னும் பெரிய உதாரணம், இன்ஜின். ஹரிக்கேனிலும் ஸ்பிட்ஃபயரிலும் இருந்தது ரோல்ஸ் ராய்ஸ் மெர்லின். அதில் மிதவை வைத்த கார்புரேட்டர் இருந்தது. விமானத்தின் மூக்கைச் சட்டென்று கீழே தள்ளினால், மேட்டிலிருந்து வேகமாக இறங்கும் பஸ்ஸில் நம் வயிறு மேலே எழும்புவதுபோல், பெட்ரோலும் அறையின் மேல் பக்கம் போய்விடும். இன்ஜின் இருமி, ஒரு கணம் நின்றுவிடும். எதிரியான ஜெர்மன் மெஸ்ஸர்ஷ்மிட் 109 விமானத்தில் பெட்ரோலை நேராகச் சிலிண்டருக்குள் செலுத்தும் ஏற்பாடு இருந்தது. அதற்கு இந்தத் தொல்லை இல்லை. ஆகவே ஜெர்மன் விமானி மூக்கைக் கீழே தள்ளித் தப்பித்துவிடுவார். துரத்துகிற ஆங்கிலேய விமானி முதலில் பாதி புரண்டு தலைகீழாகி, பிறகு ஸ்டிக்கை இழுத்துத்தான் தொடர முடியும். அதற்குள் எதிரி வெகு தூரம் போயிருப்பார்.

இதைத் தீர்த்தவர் ஃபார்ன்பரோவில் பணியாற்றிய பீட்ரிஸ் ஷில்லிங் என்ற பெண் இன்ஜினீயர். இன்ஜினுக்கு அதிகபட்சம் எவ்வளவு பெட்ரோல் தேவையோ அவ்வளவு மட்டும் போகும்படி, துளையிட்ட ஒரு சின்ன உலோகத் தடுப்பை 1941 தொடக்கத்தில் வடிவமைத்தார். மோட்டார் சைக்கிளில் விமானதளம் விமானதளமாகப் போய், தன் சிறு குழுவோடு அதைப் பொருத்திக் கொடுத்தார். அது தற்காலிக நிவாரணம்தான். அழுத்தத்தோடு பெட்ரோலைச் செலுத்தும் கார்புரேட்டர் பின்னால் வந்து முழுத் தீர்வு தந்தது. இன்னொன்றையும் சொல்ல வேண்டும். ரோல்ஸ் ராய்ஸ் இன்ஜினீயர்கள் தெரியாமல் அந்த முறையை எடுத்துக்கொள்ளவில்லை. கார்புரேட்டரில் பெட்ரோல் ஆவியாகும்போது உள்ளே போகும் காற்று குளிர்ந்து அடர்த்தியாகும், சக்தி கூடும். அந்த லாபத்துக்காக இந்த நஷ்டத்தை ஏற்றார்கள்.

சிமுலேட்டருக்கு ஹரிக்கேன் செய்பவர் இந்த இருமலை எழுதாமல் விட்டால் என்ன ஆகும்? ஓட்ட சுலபமாக இருக்கும், பையன்கள் சந்தோஷப்படுவார்கள். ஆனால் ஜெர்மன் விமானிகள் ஏன் அப்படித் தப்பித்தார்கள், அந்த அம்மாள் எதற்காக மோட்டார் சைக்கிளில் ஊர் ஊராகப் போனார் என்பது யாருக்கும் புரியாது. ஆகையால்தான் சொல்கிறேன், குறையை நீக்கிவிட்டு விமானத்தை மட்டும் காப்பாற்றினால் அந்தச் சரித்திரம் பொய்யாகிவிடும்.

எந்த வருஷத்து, எந்த மாசத்து ஹரிக்கேன் என்றும் கேட்டுக்கொள்ள வேண்டியிருக்கிறது. 1935 நவம்பரில் முதலில் பறந்த விமானம், முதலில் இரண்டு இறகு மரப் புரொப்பெல்லரோடு படையில் சேர்ந்தது. பிறகு மூன்று இறகு வந்தது. 1940 கோடையில், வேகத்துக்கேற்ப இறகின் கோணம் தானே மாறும் ஏற்பாடு வந்தது. அதே வருஷம் 87 ஆக்டேன் பெட்ரோலுக்குப் பதில் 100 ஆக்டேன் வந்தது. ஒவ்வொன்றிலும் வேகம் மாறும், ஏறும் திறன் மாறும். தேதியைத் தப்பாகப் போட்டால் எல்லா எண்களும் தப்பு.

நம் நாட்டு ஹரிக்கேன்களுக்கும் இது பொருந்தும். 1944-ல் இம்பாலில், பின்னாளில் விமானப்படை மார்ஷலான அர்ஜன் சிங் தலைமையில், இந்திய விமானப்படையின் முதல் ஸ்குவாட்ரன் ஹரிக்கேன்களில் பறந்தது. அரக்கான் பகுதியில் மெஹர் சிங் தலைமையில் ஆறாவது ஸ்குவாட்ரன் பறந்தது. எதிரியின் நடமாட்டத்தைப் பார்த்து வந்து சொல்வது அவர்களின் முக்கிய வேலை. இந்தப் பக்கத்து விமானங்களில் புழுதிக்காக மூக்கின் கீழ் ஒரு பெரிய வடிகட்டி இருந்தது. அது வேகத்தைச் சற்றுக் குறைத்தது. வட்டச் சின்னத்தின் நடுவில் இருந்த சிவப்பையும் எடுத்துவிட்டார்கள். ஜப்பானிய விமானத்தின் சிவப்பு வட்டத்தோடு குழப்பம் வந்து, நம்மவர்களே நம்மவர்களைச் சுட்டுவிடக் கூடாதல்லவா? இங்கிலாந்து ஹரிக்கேனின் மீது "இந்தியா" என்று எழுதிவிட்டால் அது இம்பால் ஹரிக்கேன் ஆகாது.

1942 ஏப்ரல் 5-ஆம் தேதி ஜப்பானியர் கொழும்பைத் தாக்கினார்கள். மறுநாள் விசாகப்பட்டினத்திலும் காக்கிநாடாவிலும் குண்டு விழுந்தது. மதராஸைக் காலி செய்துகொண்டு மூட்டை முடிச்சோடு கிராமத்துக்குப் போன கதையை நம் வீட்டுப் பாட்டிகள் சொல்லிக் கேட்டிருப்பீர்கள். கொழும்புக்கு மேல் ஜப்பானின் ஜீரோ விமானங்களை எதிர்த்தவை ஹரிக்கேன்கள்தான். அவற்றில் பல விழுந்தன. எடை குறைந்த ஜீரோ மிகச் சிறிய வட்டத்தில் திரும்பும். அதோடு சேர்ந்து திரும்பப் பார்த்தால் ஹரிக்கேன் மாட்டிக்கொள்ளும். சிமுலேட்டரில் பத்து நிமிஷம் முயன்றால் இது கைக்குப் புரிந்துவிடும்.

ஜீரோவுக்கும் குறை உண்டு. 1942 ஜூனில் அலாஸ்காவைச் சேர்ந்த அக்குட்டான் தீவில் ஒரு ஜீரோ விழுந்தது. விமானி இறந்துவிட்டார். அமெரிக்கர்கள் அதைக் கண்டெடுத்து, பழுது பார்த்து, சான் டியேகோவில் பறக்கவிட்டு அளந்தார்கள். வேகம் கூடக்கூடப் பக்கவாட்டில் புரட்டுவது கஷ்டமாகிறது, மூக்கைக் கீழே தள்ளினால் அதன் இன்ஜினும் நிற்கிறது என்று தெரிந்தது. இன்றைக்கு ஜீரோவைக் கம்ப்யூட்டரில் செய்பவர்களுக்கு அந்தக் குறிப்புகள் பெரிய உதவி. எதிரி எழுதிவைத்த குறைதான் அந்த விமானத்தின் குணத்தை நமக்குக் காப்பாற்றிக் கொடுத்திருக்கிறது.

"இது யுத்தத்தை விளையாட்டாக்குவதில்லையா?" என்று மாமி ஒருவர் என்னிடம் கேட்டார். நல்ல கேள்வி. ஹரிக்கேனில் விமானிக்கு நேர் முன்னால் ஒரு பெட்ரோல் டேங்க் இருந்தது. குண்டு பட்டால் தீ முகத்துக்கே வரும். எத்தனையோ இளைஞர்கள் அதில் கருகினார்கள். நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் நமக்கு அந்தச் சூடும் கிடையாது, அந்தப் பயமும் கிடையாது. விழுந்தால் ஒரு பட்டனைத் தட்டி மறுபடி கிளம்பலாம். அவர்களுக்கு அந்த வசதி இருக்கவில்லை. சிமுலேட்டரால் சொல்ல முடியாத பாதி இது. ஓட்டுகிற பிள்ளைகளிடம் அந்தப் பாதியைப் பெரியவர்கள்தான் வாயால் சொல்ல வேண்டும்.

பிரிட்டன் வான்போரில் பறந்தவர்களில் கடைசியாக இருந்தவர் ஜான் ஹெமிங்வே. ஹரிக்கேன் ஓட்டியவர். 2025 மார்ச்சில், 105-ஆவது வயதில் காலமானார். அந்த வான்போரில் அது எப்படி இருந்தது என்று இனிமேல் கேட்க ஆள் இல்லை. கேட்டு எழுதிவைத்ததுதான் மிச்சம்.

இங்கேதான் உங்களிடம் ஒரு வேண்டுகோள். நம் குடும்பங்களில் பெங்களூர் ஹெச்.ஏ.எல்.லிலும், ரயில்வேயிலும், மின் நிலையங்களிலும், பட்டறைகளிலும் ஆயுள் முழுக்க வேலை பார்த்தவர்கள் இருக்கிறார்கள். போர் முடிந்ததும் கான்பூரில் உடைத்துப் போட்டுவிட்டுப் போன லிபரேட்டர் குண்டுவீச்சு விமானங்களைச் சீர்செய்து நம் விமானப்படைக்குக் கொடுத்தது அந்த ஹெச்.ஏ.எல்.தான். இப்படிப்பட்டவர்களின் நோட்டுப் புத்தகங்கள் எத்தனை வீடுகளில் பரணில் கிடக்கின்றனவோ! பழைய பேப்பர்காரருக்குப் போடுவதற்கு முன் ஒரு தடவை புரட்டிப் பாருங்கள். அவர்கள் இன்னும் நம்மோடு இருந்தால் பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள். எந்த இயந்திரம் நன்றாக ஓடியது என்று மட்டும் கேட்காதீர்கள். எது மக்கர் பண்ணியது, எந்தச் சத்தம் கேட்டால் நிறுத்துவீர்கள், எந்த இடத்தில் தட்டினால் கிளம்பும் என்று கேளுங்கள். மானுவலில் இல்லாத அந்தப் பதில்களை, சொன்னவர் பெயரோடும் தேதியோடும் எழுதிவையுங்கள்.

வெளியே மேஜையில் என் கம்ப்யூட்டர் இருக்கிறது. காப்பி சாப்பிட்டுவிட்டு, விருப்பமுள்ளவர்கள் ஹரிக்கேனை ஓட்டிப் பார்க்கலாம். மூக்கை மட்டும் சட்டென்று கீழே தள்ளாதீர்கள், இன்ஜின் இருமும்.